விசா போட்டோவில் வேறு யாரோ

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் போட்டோவைப் பார்த்தாராம். நிமிர்ந்து பூங்காவனம் அக்காவைப் பார்த்தாராம். மறுபடி போட்டோ. மறுபடி அக்கா. பிறகு ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி.

"அம்மா... இது யாரு?"

"நான்தாம்மா."

"உங்க தங்கச்சி போட்டோவை மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"எனக்குத் தங்கச்சியே இல்லம்மா. நான்தான். போன வாரம் எடுத்தது."

அந்தப் பெண் நம்புவதற்கு நிஜமாகவே முயற்சி செய்திருக்கிறார். பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். கடைசியில் கையை விரித்துவிட்டார். "பாஸ்போர்ட்ல இருக்கறது நீங்க. இதுல இருக்கறது வேற யாரோ. இதை அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. டைம் முடியறதுக்குள்ள வேற போட்டோ கொண்டாங்க."

ஒன்றரை மாதம் முன்பு, சென்னையில் ஒரு விசா மையத்தில் நடந்தது இது. துணைக்கு வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். நான் எதிர் பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஃபைலை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தார். வந்த வேகத்தைப் பார்த்ததுமே டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன்.

"என்னாச்சுக்கா? எந்தப் பேப்பர் இல்லையாம்?"

"பேப்பர் எல்லாம் சரியா இருக்குதாம் டீச்சர். மூஞ்சிதான் சரியில்லையாம்."

பூங்காவனம் அக்காவை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். கோலியனூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். அதே பள்ளியில்தான் நானும் டீச்சராக இருந்தேன். என்னைவிட இரண்டு வயது பெரியவர் என்பதால் எனக்கு அக்கா. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திண்டிவனத்தில் வீட்டோடு இருக்கிறேன்... அவருக்கு இன்னமும் நான் டீச்சர்தான்.

அவருடைய ஒரே மகள் சுமதி. நர்சிங் படித்தாள். ஜெர்மன் மொழியோடு ஒரு வருடம் மல்லுக்கட்டினாள். இப்போது ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை. புருஷனும் அங்கேதான். அப்போது முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம்!

தலைப்பிரசவம் என்றால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? வளைகாப்பு போட்டு, ஐந்து வகை சாதம் கட்டிக்கொடுத்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவோம். சுமதியால் வர முடியாது. அப்படியென்றால் தாய்வீடுதானே கிளம்பிப் போகவேண்டும்? அந்தத் தாய்வீடு என்பது பூங்காவனம் அக்கா என்கிற ஒரே ஓர் ஆள். அவர் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது.

"பிரசவ வலி வரச்சொல்ல நான் பக்கத்துல இருக்கணும் டீச்சர். அவ்ளோதான். வேற ஊரு, நாடு ஒண்ணும் சுத்திப் பாக்க வேணாம் எனக்கு."

அவ்வளவுதான் அவர் கேட்டது.

மகள் தாய்வீட்டுக்கு வர ஒரு பையும் ஒரு பஸ் டிக்கெட்டும் போதும். தாய் மகள் வீட்டுக்குப் போக? பாஸ்போர்ட் வேண்டும். மகள் கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதம், அவள் சம்பளச் சீட்டு, வாடகை வீட்டு ஒப்பந்தம் வேண்டும். இன்சூரன்ஸ் வேண்டும். போக, வர விமான டிக்கெட் பதிவு செய்த காகிதம் வேண்டும். அரசாங்க சம்பளம் வாங்குகிறவர் என்பதால் ஆபீஸிலிருந்து 'ஆட்சேபனை இல்லை' என்று ஒரு கடிதம்! அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அக்கா நான்கு முறை நடந்தார். மகள் பிள்ளை பெறுவதில் யாருக்கு என்ன ஆட்சேபனை இருக்கமுடியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. திரும்பி வந்துவிடுவேன் என்பதற்கு ஆதாரம்.

"ஊர்ல நிலம், வீடு ஏதாவது இருந்தா பட்டா காப்பி வைங்க" என்று ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அக்காவின் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர்கள், அடுத்தவர் நிலத்தில் கேப்பை அறுத்தவர்கள். பரம்பரையாக நிலமே இல்லாமல் வைத்திருந்துவிட்டு இப்போது பட்டா எங்கே என்று கேட்டால் எங்கே போவது?

அக்கா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்குது. புள்ளைங்களுக்கு சோறாக்கணும். நான் வராம யார் வருவா? அத்த எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார். எழுதினேன். தலைமை ஆசிரியர் கையெழுத்தும் சீலும் வைத்துக்கொடுத்தார். அதைவிடப் பெரிய ஆதாரம் எந்தப் பணக்காரரிடமும் இருக்காது என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

என் வீட்டு ஹாலில் ஒத்திகைகூட நடந்தது. நான் அதிகாரி. "எதுக்குப் போறீங்க?" "மகள் பிரசவத்துக்கு." "எத்தனை நாள்?" "நாப்பத்தஞ்சு நாளு." "அங்கேயே தங்கிடுவீங்களா?" அந்தக் கேள்விக்கு மட்டும் அக்கா ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவார். சிரிக்கக்கூடாது என்று நான் அதட்டுவேன்.

இவ்வளவு தயார் செய்தோம். போட்டோவைப் பற்றி யார் யோசித்தார்கள்? போட்டோ எடுப்பது ஒரு விஷயமா?

விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோ. நான்தான் அனுப்பினேன். "நல்லா எடுப்பார்க்கா" என்று சர்டிபிகேட் வேறு. வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியின் மேலே உங்களைப் பார்த்துச் சிரிக்கிறேனே, அந்தப் போட்டோவும் அவர் எடுத்ததுதான்.

சரி, பிளாட்பாரத்துக்கு வருவோம். அக்கா அந்தப் போட்டோவை என் கையில் கொடுத்தார். நான் அப்போதுதான் முதன்முதலாக அதை உற்றுப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

பூங்காவனம் அக்கா நல்ல கறுப்பு. இடது கன்னத்தில் ஒரு தழும்பு. என்றைக்கோ தாளிக்கும்போது எண்ணெய் தெறித்த இடம். நெற்றியில் இரண்டு கோடு. போட்டோவில்? கோதுமை மாவு நிறத்தில் ஓர் அம்மாள். தழும்பைக் காணோம். கோட்டைக் காணோம். வயதில் பத்தைக் காணோம். மூக்கும் மூக்குத்தியும் மட்டும் அக்காவுடையது.

பாஸ்போர்ட்டில் எப்படி சரியாக இருந்தது என்கிறீர்களா? அங்கே ஆபீஸிலேயே கேமரா வைத்து எடுத்துவிடுகிறார்கள். உங்களை அழகாக்க அவர்களுக்கு நேரமில்லை.

மையம் மூட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பக்கத்துத் தெருவிலேயே ஒரு ஸ்டுடியோ. அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினேன். "விசா போட்டோ. ஜல்தி ப்ளீஸ்!" என்றேன். அந்த மனிதர் உண்மையிலேயே ஜல்திதான். உட்காரவைத்தார், எடுத்தார், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார், வெட்டினார், கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். பத்தே நிமிடம். கவரைப் பிரிக்காமலேயே அக்காவை உள்ளே அனுப்பினேன்.

இருபது நிமிடத்தில் அக்கா திரும்பி வந்தார். கவரை மட்டும் நீட்டினார்.

அதிலும் வெள்ளைக்கார அம்மாள்!

யாரும் கேட்கவில்லை ஐயா. நான் கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை. அவசரம் என்று கத்தியும்கூட, அந்த அவசரத்துக்கு நடுவிலும், ஒரு கறுப்புப் பெண்ணை வெளுக்கவைக்க அந்த மனிதருக்கு நேரம் இருந்திருக்கிறது. கை தானாகப் போயிருக்கிறது.

கவுன்ட்டர் பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டதாம். ஆனால் டைம் முடிந்துவிட்டது. புதிதாக நாள் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும். வாங்கினோம். மூன்று வாரம் தள்ளித்தான் நாள் கிடைத்தது. அதற்குப் பிறகு விசா வர இரண்டு வாரமாவது ஆகும். டாக்டர் சுமதிக்குக் குறித்துக் கொடுத்த தேதி அதற்குள் வந்துவிடும். இந்தக் கணக்கை அக்காவும் நானும் தனித்தனியாக மனசுக்குள் போட்டுக்கொண்டே ரயிலில் உட்கார்ந்திருந்தோம்.

செங்கல்பட்டு தாண்டியதும் அக்கா கேட்டார்.

"எதுக்கு டீச்சர் அப்டிப் பண்ணாங்க? நான் அவ்ளோ அசிங்கமாவா இருக்கேன்?"

திண்டிவனத்தில் நான் இறங்கவேண்டும். இறங்கவில்லை. விழுப்புரம் வரைக்கும் போனேன். எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும் என்று எழுத ஆசைதான்... என் நிறத்துக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் சூடாக இருந்தது.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் இரண்டு போட்டோவையும் மேஜைமேல் போட்டேன்.

"இதை யார் வெளுக்கச் சொன்னது?"

ஸ்டுடியோக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். சாதுவான மனிதர். முதலில் அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நல்லாதான மேடம் வந்திருக்கு?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "இந்தம்மா பொண்ணுக்கு அங்க பிரசவம். உங்க 'நல்லா'வால இவங்க போகமுடியல. உங்களை யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்க மாட்டாங்க மேடம். கேக்காமலே பண்ணணும். பண்ணலன்னா போட்டோவ வாங்க மாட்டாங்க. 'இன்னாய்யா, கரியா எடுத்து வெச்சிருக்க'ன்னு மேஜை மேலயே போட்டுட்டுப் போய்க்கினே இருப்பாங்க. நானும் ஆரம்பத்துல அப்டியே குடுத்தவன்தான். பேஜாரு புடிச்ச பொழப்பு மேடம் இது. பொண்ணு பாக்கற போட்டோவா, கலர ஏத்து. கல்யாண ஆல்பமா, ஏத்து. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஐடி கார்டு... அதுக்கும் ஏத்து. செத்துப்போனவங்களுக்கு பேனர் அடிக்கறோமே, அதுல ஏத்தலன்னா வூட்டாளுங்க சண்டைக்கு வர்றாங்க."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பொய் இல்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் ரோட்டோரம் நிற்கிற பேனர்களைப் பாருங்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கருமாதி... அத்தனை பேரும் ஒரே நிறம். வெயிலில் காய்ந்து, வெயிலிலேயே உழைத்துச் செத்த ஒரு மனிதரைக்கூட நாம் அவர் நிறத்தோடு அனுப்பிவைப்பதில்லை. இதில் யாருக்கும் வெட்கமில்லை. வெள்ளைக்காரன் போய் எத்தனை காலம் ஆகிறது, அவன் தோலை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டானா?

இதையெல்லாம் நான் அங்கேயே உரக்கச் சொன்னேன். நல்ல ஃபார்மில் இருந்தேன்! அக்காகூட என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

ஸ்டுடியோக்காரர் நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். திரையை என் பக்கமாகத் திருப்பினார்.

"மேடம், கோச்சுக்காதீங்க. இது உங்களது."

திரையில் இரண்டு படம். இடது பக்கம், கேமராவில் எடுத்தபடி ஒரு கறுத்த அம்மாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், மோவாயில் மரு. வலது பக்கம், இந்தப் பத்தியின் மேலே நீங்கள் வாராவாரம் பார்க்கிற பெண்மணி. பளிச்சென்று, மரு இல்லாமல்.

"உங்களுக்கும் கேக்காமதான் பண்ணேன். நீங்க 'சூப்பரா இருக்குது, தேங்க்ஸ்'னு சொல்லிட்டுப் போனீங்க."

சொன்னேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போய் நான்கு பேரிடம் காட்டவும் செய்தேன். வாசகர்கள் சிலர் 'போட்டோவில் களையாக இருக்கிறீர்கள்' என்று எழுதியபோது அதை மறுத்து நான் ஒரு வரியும் எழுதியதில்லை. அந்த ஸ்டுடியோவுக்கு அக்காவை அனுப்பியதே அந்தக் களைக்காகத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பூங்காவனம் அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். காலையிலிருந்து அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், லெஃப்ட்ல இருக்கறதுதான் நீங்க. அந்தம்மா கூடத்தான் நான் இத்தினி வருசம் ஒண்ணா ஒக்காந்து சாப்புட்டிருக்கேன். ரைட்ல இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியாது."

ஸ்டுடியோக்காரர் அக்காவை மறுபடி உட்காரவைத்து எடுத்தார். எடுத்து முடித்துக் கம்ப்யூட்டரில் திறந்ததும் அவர் கை பழைய இடத்துக்கே நகர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்... இவ்வளவு சண்டைக்குப் பிறகும்!

"கைய எடு தம்பி" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. "அப்டியே குடு."

பிரிண்ட் போட்டுக் கொடுக்கும்போது அந்த மனிதர் முகத்தில் அத்தனை சங்கடம். "கொஞ்சம் கருப்பாத் தெரியுதும்மா..."

"நான் கருப்புதான்பா."

மூன்று வாரம் கழித்து விசா மையத்தில் அந்தப் போட்டோவை வாங்கிய பெண், ஒருமுறைதான் நிமிர்ந்து பார்த்தாராம். அடுத்த பேப்பர் எங்கே என்று கேட்டுவிட்டாராம்.

சந்தோஷமாக முடித்துவிட ஆசைதான். முடியவில்லை. விசா வருவதற்கு நான்கு நாள் முன்பே சுமதிக்கு வலி வந்துவிட்டது. அக்கா கோலியனூர் பக்கத்தில் தன் வீட்டில் போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீடியோவில் மருத்துவமனை நடைபாதையைக் காட்டினார். கதவைக் காட்டினார். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் அக்கா இருந்திருக்கவேண்டும்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அக்கா அழுதார். சந்தோஷத்தில்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியும், பாதிதான் சந்தோஷம். மறுபாதி, ஒரு ஸ்டுடியோக்காரர் கேட்காமலே செய்த உபகாரம். அதில் என் பங்கும் உண்டு. அதை அக்காவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க டீச்சர். என்னா, வேணும்னா பண்ணீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. மயிலத்திலிருந்து அவருடைய நாத்தனார் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னா குழந்தை?"

"பொண்ணு."

"ஐய... சரி சரி. கலரா இருக்குதா?"

சொல்லுங்கள், இதற்கு என்ன செய்வது? ஓர் உயிர், கண்ணையே இன்னும் சரியாகத் திறக்காத உயிர், கடல் தாண்டிப் பிறந்திருக்கிறது. மூச்சு சரியாக இருக்கிறதா, பால் குடித்ததா, பெற்றவள் எப்படி இருக்கிறாள்... எதுவும் இல்லை. நேராக நிறத்துக்கு வந்தாயிற்று. எனக்குப் போனைப் பிடுங்கிக் கத்தவேண்டும் போல இருந்தது.

அக்கா என்னைக் கையமர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கலரு. அச்சு அசல் என் கலரு. என் பாஸ்போர்ட்டுல ஒட்டினா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்" என்றார். போனை வைத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். பெட்டியில் பிரசவ மருந்து, சுக்கு, கேப்பை மாவு, வறுத்த மல்லாட்டை. கடைசி நிமிடத்தில் பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். குங்குமப்பூ. குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொல்லி, முழுசாக ஒரு வார சம்பளத்தைக் கொடுத்து, சுமதிக்காக எப்போதோ வாங்கி வைத்திருந்தாராம். அனுப்பவும் மனசில்லாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

"பாயசத்துல போட்டுக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தலையசைத்தார்.

மறுநாள் முதல் வேலையாக, அந்த இடது பக்கத்துப் படத்தை விழுப்புரத்திலிருந்து வாங்கிப் பத்திரிகை ஆபீஸுக்கு அனுப்பினேன். இனி பத்தியின் மேலே இதைத்தான் போடவேண்டும் என்று கண்டிப்பாக எழுதினேன். மாலையே லே-அவுட் செய்பவரிடமிருந்து போன். நல்ல பிள்ளை. குரலில் அத்தனை அக்கறை.

"மேடம், பிரிண்ட்ல டல்லா வரும்... லேசா, ரொம்ப லேசா, பிரைட் பண்ணிக்கட்டுமா?"

"கைய எடு தம்பி" என்றேன்.

எடுத்தாரா என்று தெரியாது. பத்தி அச்சாகி வந்தால்தான் எனக்கும் தெரியும். மேலே பாருங்கள்... கறுப்பாக இருந்தால் அது நான். வெளுப்பாக இருந்தால், அந்தப் பெண்மணியை எனக்குத் தெரியாது!